அம்மாவை ஆற்றுக்குக் கூட்டிப்போனோம்

பங்குனி பிறந்துவிட்டால் சாயங்கால வேளையில் சிம்மக்கல்லில் ஒரு குழந்தையை வீட்டில் பார்க்க முடியாது. அத்தனையும் ஆற்றில் கிடக்கும். ஆறு என்றதும் தண்ணீரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதத்து வைகை முக்கால்வாசி மணல்தான். நடுவில் கணுக்கால் நனைகிற அளவுக்கு ஒரு ஓட்டம் இருக்கும். மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள், பட்டம் விடுவார்கள், பனங்காய் வண்டி ஓட்டுவார்கள். தாய்மார்கள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, உருட்டி உருட்டிக் கையில் கொடுப்பார்கள். வெள்ளரிப் பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி விற்கிறவர்கள் கூடையோடு சுற்றி வருவார்கள். சித்திரை வெயில் ஏறி அந்த ஓட்டமும் வற்றுகிறவரைக்கும் இந்தக் கூத்து நடக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு தெருவைத் தாண்டினால் ஆறு. அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து மூன்று பிள்ளைகளையும் பெற்றுவிட்டாள். ஆற்றை மட்டும் பார்த்ததில்லை.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் கலியாணத்துக்கும் மவுத்துக்கும் மட்டும்தான் படி இறங்குவார்கள். அதற்கும் திரை கட்டிய ஜட்கா வாசலில் வந்து நிற்க வேண்டும். வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள கொஞ்ச தூரத்துக்கு இரண்டு பக்கமும் போர்வை பிடிப்பார்கள். எல்லா முஸ்லிம் வீடும் அப்படி இருக்கவில்லை. அடுத்த தெருவில் என் சிநேகிதியின் அம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கடைக்கே போய் வருவார். எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தைக் காவல் காத்தவர் மாமி, அதாவது எங்கள் தகப்பனார் அத்தாவின் அக்கா. கணவர் மவுத்தாகித் தம்பி வீட்டுக்கு வந்தபோது, துணிமணியோடு சட்டதிட்டங்களையும் பெட்டியில் அடுக்கி எடுத்து வந்தவர். அத்தாவுக்கு வெல்ல மண்டி. பேச்சும் அவருடைய சரக்கு மாதிரியே இனிக்கும். ஆனால் அக்கா ஒன்று சொன்னால் மறுத்துப் பேசத் தெரியாது.

அம்மாவும் மறுத்துப் பேச மாட்டாள். அதனால் அவளைச் சாது என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அப்போதே அப்படித் தோன்றவில்லை. திரளாத தயிரைக் கடைந்தே தீருவது என்று உட்கார்ந்தால், வெண்ணெய் திரளும்வரை மத்தைக் கீழே வைக்காத பெண்பிள்ளை அவள்.

எல்லாம் என் தம்பியால் ஆரம்பித்தது. அவனுக்கு அப்போது நாலு வயது இருக்கும். ஒரு மத்தியானம் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அம்மா தன் ஊர்க் கதை சொன்னாள். எழுமலைப் பக்கம் அவள் பிறந்த ஊர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஓடையில் இறங்கி, பாவாடைத் துணியை விரித்துப் பிடித்து, அயிரை மீன் அள்ளுவாளாம். விரல் நீளம்கூட இருக்காது, மணலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடக்கும், அப்படியும் விடமாட்டேன் என்றாள்.

தம்பி சோற்றை மென்றபடியே சொன்னான்: "பொய்யி."

"என்னடா பொய்யி?"

"ஒனக்குத்தான் வெளிய நடக்க வராதே. எங்கம்மா காலு வீட்டுக்குள்ள மட்டுந்தான் நடக்கும்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிருக்கேன்."

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான் பாவி. அம்மா வெளியே நடந்து அவன் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டில் கால் சூம்பிய ஒரு பெரியவர் இருந்தார். அம்மாவையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறான். எனக்கும் தங்கச்சிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த கவளத்தை அவன் வாயில் வைத்துவிட்டு, தன் பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கிப்போய்விட்டது.

அன்று சாயங்காலம் அத்தா மண்டியிலிருந்து வந்ததும் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு அம்மா சொன்னாள்: "புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஆத்துக்குப் போகணும். தண்ணி வத்துறதுக்குள்ள."

அத்தாவுக்குப் புரை ஏறிவிட்டது. மாமிதான் பதில் சொன்னார். "நல்லாருக்கே கதை! ஊரே கூடிக் கெடக்கு அங்க. நீ போயி நின்னா நாளைக்கி மண்டியில இவன் தலை நிமுந்து உக்கார வேணாமா?"

"ஆள் பார்க்காம போனா?"

"ஜட்கா மணல்ல எறங்காது."

"கரையில எறங்கிக்கிறேன்."

"கரையிலேருந்து?"

"திரை கட்டிக்கிட்டு நடக்கிறேன் மதினி."

"திரையைப் பிடிக்க ஆளு? வெல்லம் தூக்குறவுங்களைக் கூட்டியாரச் சொல்றியா?"

"எம் புள்ளைக இருக்கு, பிடிக்கும்."

சரி, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைத்து மாமி எழுந்து போய்விட்டார். அத்தாவும் அப்படித்தான் நினைத்தார். அம்மா மறுநாளே தையலில் உட்கார்ந்தாள்.

அத்தாவின் பழைய எட்டு முழ வேட்டிகளில் இரண்டை எடுத்து நீளவாக்கில் இரண்டு நுனியையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தாள். அது ஒரு பெரிய வளையமாக ஆயிற்று. முதலில் மூலைக்கு ஒருவராக எங்களைப் பிடிக்கச் சொன்னாள். நாங்கள் மூவரும் கையை எவ்வளவு தூக்கினாலும் வேட்டி அவள் இடுப்புக்கு மேலே வரவில்லை. தம்பி பிடித்த மூலை முழங்காலோடு நின்றுவிட்டது. பெற்றவளுக்கே பிள்ளைகளின் உயரம் மறந்துபோயிருந்தது. அப்புறம் கொல்லைப்பக்கம் கிடந்த மூங்கில் கழிகளைத் தேடி எடுத்தாள். நாலு கழிகளின் உச்சியில் துணியைக் கட்டினாள். நாங்கள் ஆளுக்கு ஒரு கழி, நாலாவதை உள்ளே நின்று அவளே பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. இப்போது தலையிலிருந்து முழங்கால்வரை மறைந்தது.

மாமி மத்தியானம் கண்ணயர்கிற நேரத்தில் முற்றத்தில் எங்களுக்குப் பயிற்சி. கிணற்றடியிலிருந்து துவைகல் வரைக்கும் நடக்க வேண்டும். துணி தொய்யக்கூடாது, கழி சாயக்கூடாது. தங்கச்சி ஒரு பக்கம் ஓடுவாள், தம்பி கழியைக் குதிரையாக நினைத்து இரண்டு காலுக்கும் நடுவே விட்டுக்கொள்வான். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மட்டும் வரும்: "ஏய் பின்னாடி நிக்கிறவளே, நேரா வா! அவனைப் பாரு, அவனைப் பாரு!" சிப்பாய்களுக்குக்கூட அவ்வளவு பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பங்குனியில் எங்களுக்கு அதைவிட நல்ல விளையாட்டு கிடைக்கவில்லை. வெளியே பட்டம் பறந்துகொண்டிருந்தது. நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் அத்தா சாப்பாட்டுக்கு முந்தி வந்து, முற்றத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி நகர்ந்து போவதைப் பார்த்துவிட்டார். நாங்கள் அப்படியே நின்றோம். பெட்டிக்குள்ளிருந்து அம்மா பேசினாள்.

"வெள்ளிக்கிழமைக்கு ஜட்காவுக்குச் சொல்லிருங்க."

அத்தா செருப்பைக் கழற்றிக்கொண்டே வெகுநேரம் நின்றார். செருப்பு கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

"சாயங்காலம் அசர் தொழுதுட்டு வாரேன்," என்றார் கடைசியில். "பாலத்துக்குக் கிழக்க, ஆளில்லாத பக்கமாப் போகணும். பொழுது சாய்ஞ்சு மகரிபு பாங்கு சொல்றதுக்கு முந்தித் திரும்பிரணும். நான் கரையில முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பேன், கூட வர மாட்டேன்."

"சரி," என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை மாமியும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "நான் வரலைன்னா நீங்க உருப்பட மாட்டீங்க," என்று காரணம் சொன்னார். புளிச்சோறும் அவித்த முட்டையும் தூக்குவாளியில் இருந்தன. கழிகள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கரைக்குப் போனதும் வண்டிக்காரர் குதிரையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி இறங்க மறுத்துவிட்டார். திரையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கி அங்கிருந்தே பார்த்தார். அத்தா சொன்னபடி முதுகைக் காட்டிக்கொண்டு அரசமரத்தடிக்குப் போனார். நாங்கள் கழிகளை நிமிர்த்திப் பிடித்து, அம்மாவை நடுவில் விட்டு, முற்றத்தில் பழகியபடி கிளம்பினோம்.

முற்றத்தில் காற்று இல்லை, மணல் இல்லை, வேடிக்கை பார்க்க ஆளும் இல்லை. இந்த மூன்றையும் எங்களில் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

பாலத்துக்குக் கிழக்கே கூட்டம் இல்லைதான். துணி உலர்த்துகிறவர்கள், மாடு கழுவுகிறவர்கள், அங்கங்கே சோறு அவிழ்த்த குடும்பங்கள், அவ்வளவுதான். அவர்கள் நடுவே அம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சும்மா நடந்திருந்தால் ஒருவர்கூடத் தலை நிமிர்ந்திருக்க மாட்டார்கள். கழி நட்ட வெள்ளை வீடு ஒன்று தானாக நடந்து வந்தால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? மறைக்க என்று கட்டிய துணிதான் ஊரைக் கூட்டியது. முதலில் பட்டம் விட்ட இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் பின்னால் ஊற்றுத் தோண்டியவர்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி ஒரு பட்டாளமே நடந்தது. பாவைக்கூத்து கட்டப்போகிறார்கள் என்று ஒருவன் சொன்னான். சர்க்கஸ்காரர்கள் கரடி கொண்டுபோகிறார்கள் என்று இன்னொருவன் சத்தியம் செய்தான்.

"டேய் தம்பி, உள்ள என்னடா இருக்கு?" என்று ஒரு பெரிய பையன் என் தம்பியைக் கேட்டான்.

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். "எங்கம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவ்வளவு பாடுபட்டு நாங்கள் அம்மாவை ஒரு காட்சிப்பொருளாகக் கொண்டுபோகிறோம் என்பது அந்த வயதிலேயே எனக்கு உறைத்துவிட்டது. அம்மாவின் கழி மட்டும் ஆடாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் பார்த்ததெல்லாம் காலடியில் மணல், தலைக்கு மேலே வானம். நடந்துகொண்டே இருந்தாள்.

தண்ணீர் கிட்டத்தில் வரும்போது வெள்ளரிப் பிஞ்சுக் கூடை குறுக்கே போனது. தம்பி கழியைப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடினான். அதற்கென்றே காத்திருந்ததுபோல மேற்கேயிருந்து காற்று அடித்தது. வேட்டி உப்பியது, தங்கச்சியின் கழியைப் பிடுங்கிக்கொண்டது, நான் இழுத்தேன், தையல் பட்டென்று விட்டது. ஒரு வேட்டி கழியோடு மணலில் விழுந்து சுருண்டது. மற்றது பறந்து போய் ஓட்டத்தில் விழுந்து, மெதுவாக நனைந்து, தண்ணீரோடு நகர ஆரம்பித்தது.

அம்மா திறந்த ஆற்றில் நின்றாள். துப்பட்டி தலையிலிருந்தது, முகம் வெளியே இருந்தது, கையில் வெறும் மூங்கில் கழி. சிரித்துக்கொண்டு வந்த பட்டாளம் வாயை மூடிக்கொண்டது. கரடியை எதிர்பார்த்தவன் வெட்கப்பட்டு அடுத்தவன் பின்னால் ஒளிந்தான். கரையில் மாமி, "யா அல்லா! வண்டிக்கு ஓடியாங்க! ஓடியாங்க!" என்று கத்துவது கேட்டது. அரசமரத்தடியில் அத்தா திரும்பிவிட்டதையும் பார்த்தேன்.

நானும் அம்மாவின் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். கரையைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தபடி வாயைப் பிளந்து நின்ற தம்பியைத்தான் பார்த்தாள். பிறகு துப்பட்டியை இழுத்து முடிந்துகொண்டு, கழியை மணலில் ஊன்றிவிட்டு, தண்ணீரை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. கிணற்றடிக்குப் போகிறவள்போல நிதானமாகவே போனாள்.

தம்பி கத்தினான், மணல் முழுக்கக் கேட்கும்படி: "அக்கா! அம்மாவுக்கு நடக்க வருது!"

அவள் ஓட்டத்தில் இறங்கினாள். கணுக்காலுக்குத் தண்ணீர் வந்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். எனக்கு அந்த முகம் புதிது. வீட்டுக்குள் அதை நான் கண்டதில்லை. அப்புறம் குனிந்து, மிதந்து போன வேட்டியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் வடிந்தது. மடிப்பில் இரண்டு மூன்று அயிரை துள்ளின.

"வாங்கடி!" என்றாள். "ஆளுக்கு ஒரு முனை. டேய், நீ மேல போயி காலால கலக்கிக்கிட்டே வா. மணலைக் கலக்குடா, சும்மா நிக்காத!"

முற்றத்தில் வந்த அதே குரல்தான். நாங்கள் பாவாடையைச் சொருகிக்கொண்டு இறங்கினோம். தம்பி வெறிபிடித்தவன்போலக் குதித்துக் குதித்து மணலைக் கலக்கினான். வேட்டியைத் தண்ணீருக்குள் படுக்கவைத்து, கலங்கல் வந்ததும் தூக்க வேண்டும். அம்மா ஒரு முனை, நான் ஒன்று, தங்கச்சி ஒன்று. நாலாவது முனையைப் பிடிக்க ஆளில்லை. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் மீனெல்லாம் அந்தப் பக்கமாகச் சரிந்து கொட்டிவிடும். அம்மா விடவில்லை. மறுபடி அமிழ்த்தினாள், மறுபடி தூக்கினாள், மறுபடியும் கொட்டியது. பட்டாளத்துப் பையன்களில் யாராவது வந்து பிடித்திருப்பார்கள். ஆனால் அதற்குள் அவர்கள் எல்லோரும் எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்து விலகி நின்றார்கள்.

திரும்பினால் அத்தா. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில் கால் புதைய வந்து நிற்கிறார். மூச்சு வாங்கியது. தங்கச்சி பயத்தில் தன் முனையையும் விட்டுவிட்டாள். கரையில் மாமி கத்துவதைக்கூட நிறுத்திவிட்டார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னம் பாங்கு சொல்லல," என்றாள்.

அத்தா சுற்றியிருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார். துணி உலர்த்துகிறவர்கள் தங்கள் துணியை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மாடு கழுவுகிறவர் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். மண்டியில் தலை நிமிர முடியாமல் போகும்படி அங்கே எவரும் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அத்தா செருப்பை மணலில் வைத்தார். கட்டியிருந்த வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீரில் இறங்கி, குனிந்து, நாலாவது முனையைப் பிடித்தார்.

"இப்புடித் தொளதொளன்னு விட்டா எப்புடி மீனு நிக்கும்?" என்றார்.

"ஒங்களுக்கு வெல்லந்தான தெரியும்," என்றாள் அம்மா.

நாலு பேரும் சேர்ந்து தூக்கியபோது வேட்டி நடுவில் ஒரு பிடி அயிரை நெளிந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு அம்மாவின் காலைப் பார்த்தான். பிறகு அந்தக் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினான். அவள் விழப் பார்த்தாள். புளிச்சோற்றையும் முட்டையையும் மணலில் உட்கார்ந்து அவசரமாகத் தின்று தீர்த்தோம், தூக்குவாளி காலியாக வேண்டுமே. அதில் ஆற்றுத் தண்ணீரை ஊற்றி மீனை விட்டோம். கரையிலிருந்து மாமியின் குரல் மறுபடி வந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏ புள்ள! உயிரோட கொண்டாங்க! செத்துச்சுன்னா மணலைக் கக்காது, கொழம்பு நறநறங்கும்!"

பாங்கு சொல்லும்போது நாங்கள் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தோம். மணலிலிருந்து வண்டிவரை அம்மா நடந்தே வந்தாள். போர்வை பிடிக்க ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை, மாமிக்குக்கூட.

வீட்டில் மாமிதான் மீனைக் கல் உப்புப் போட்டு அலசினார். புளி கரைத்ததும் அவர்தான். மற்றபடி அம்மாவோடு அன்று அவர் பேசவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே வேலை செய்தார். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். விறகு ஈரமாக இருந்தது, புகைந்தது. அவள் எழுந்து போய், ஆற்றிலிருந்து திரும்பி வந்த மூங்கில் கழிகளைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து முறித்து அடுப்புக்குள் சொருகினாள். மூங்கில் படபடவென்று வெடித்து எரிந்தது. வாசற்படியில் நின்ற அத்தா அதைப் பார்த்தார். கை கழுவப் போய்விட்டார்.

தம்பிக்கு மட்டும் பொறுக்கவில்லை. அவனுடைய கழியும் அதில் போய்விட்டதே.

"அம்மா, அடுத்த வாரம் ஆத்துக்குப் போறதுக்குக் கம்பு வேணாமா?"

அம்மா கடைசிக் கழியையும் முறித்து உள்ளே தள்ளினாள்.

"என்னத்துக்கு? காலு இருக்குல்ல."